இன்னொரு பிலவேந்திரன்

“எறங்குடா கீழ! எறங்குறியா, இல்ல நான் ஏறி வரட்டுமா?”

பிலவேந்திரன் செருப்பை உதறினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு புளியமரத்தின் தூரில் காலை வைத்துவிட்டார். ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வேறு. ஒரு முழம் ஏறுவதற்குள் கால் வழுக்கி முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மேலே, நாலு ஆள் உயரத்தில், கிளையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் அவர் ஐந்து வருஷமாகத் தேடிய ஆள்.

அவன் பெயரும் பிலவேந்திரன்.

“வாங்க சார், ஏறி வாங்க. கெள முறிஞ்சா ரெண்டு பிலவேந்திரனும் ஒண்ணா வுழலாம்,” என்றான் அவன்.

கீழே புளி பொறுக்கிக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். பல் இல்லாத ஒரு கிழவிக்கு மட்டும் வாய் மூடி நிற்கவில்லை.

“ஏம்பா முனியா, உன் பேரு இன்னாடா அது? வாயில நொழையாத பேரு!”

“வோட்டு லிஸ்ட்டுல அதான் பேரு. வூட்டுல முனியன்.”

“அது தெரியாமத்தான்டா அஞ்சு வருசம் சுத்தினேன்!” பிலவேந்திரன் மரத்தைக் கையால் அறைந்தார். “பிலவேந்திரன் எங்க, பிலவேந்திரன் எங்கன்னு இந்த மல முழுக்கக் கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. முனியன்னு கேட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்ப.”

“முனியன்னு கேட்டிருந்தா நாப்பது பேரு வந்திருப்பானுங்க சார்.”

மறுபடி சிரிப்பு. முனியன் மேலேயிருந்து கிளையை ஒரு உலுக்கு உலுக்கினான். முற்றிய புளி சடசடவென்று பிலவேந்திரனின் தலையிலும் வெள்ளைச் சட்டையிலும் கொட்டியது. 

கரியாலூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே, பங்குனி வெயில். மலை என்று பெயர்தான், பாறை கொதித்தது. அந்தப் பாறையில் ஒரு மூலையில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தாள் செபஸ்தியம்மாள், பிலவேந்திரனின் மனைவி. மடியில் ஒரு துணிப்பை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். 

காலையில் மலை பஸ் கண்டக்டர் போன் செய்திருந்தான். “உங்க பேருக்காரன் குடகு எஸ்டேட்டுலேர்ந்து திரும்பி வந்துட்டான் அண்ணே, பஸ்ஸுல அவன் வோட்டு அட்டையில பேரப் பாத்தேன். புளி உலுக்கிக்கினு இருக்கான்.” பிலவேந்திரன் வாயிலிருந்த இட்லியைத் துப்பிவிட்டு பைக்கை உதைத்தார். பின்னால் வந்து ஏறிக்கொண்டாள் செபஸ்தியம்மாள். “நானும் வரேன்.” அவ்வளவுதான் சொன்னாள்.

அவருக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அதுவும் இன்றைக்கே வேண்டும். நாளை மதியம் மூன்று மணிக்கு வேட்புமனு தாக்கல் முடிகிறது.

“யார்றா உன்ன போன தேர்தல்ல நிக்க வெச்சது?”

முனியன் கிளையில் காலை மாற்றிப் போட்டான். அவன் பார்வை பிலவேந்திரனைத் தாண்டிப் பாறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

*

மலை அடிவாரத்தில் இருக்கும் கல்லேரிப்பட்டில் பிலவேந்திரனை ‘மனு’ என்றுதான் கூப்பிடுவார்கள். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதிப் பிழைத்தவர். ஊருக்கு மேற்கே சின்னதுரை சேகோ ஆலை கட்டினார். மலையிலிருந்து லாரி லாரியாகக் குச்சிக்கிழங்கு இறங்கியது, ஜவ்வரிசியாகிச் சேலத்துக்குப் போனது. கிழங்கு கழுவிய தண்ணீர் மட்டும் ஊரிலேயே தங்கியது. கல்லேரி வெளுத்தது, புளித்தது, நாறியது. அதைக் குடித்த மாடு வயிறு உப்பிச் செத்தது. விடிந்தால் மீன் மல்லாந்து கிடந்தது.

மற்றவர்களுக்கு மனு எழுதிய மனுஷன் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு மனு எழுதினார். கலெக்டருக்கு. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, மந்திரிக்கு, கோர்ட்டுக்கு. ஏரிக் குழு ஆரம்பித்தார். தொண்ணூற்றாறில் வார்டு உறுப்பினர். பேரூராட்சிக் கூட்டத்துக்கு ஒரு குடம் ஏரித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், “யாரு குடிக்கிறீங்க?” என்று கேட்டார். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஊர் அவரைத் தோளில் தூக்கியது.

பிறகு வந்தது இரண்டாயிரத்து ஒன்று.

தைரியநாதன் செபஸ்தியம்மாளின் ஒரே தம்பி. ஆலையில் திப்பி காய வைக்கும் வேலை. மாவு பிழிந்தபின் மிஞ்சும் சக்கைக்கு அங்கே திப்பி என்று பெயர். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மத்தியானம் அவன் கழிவுத் தொட்டிக்குள் பிணமாகக் கிடந்தான். உள்ளே வாயு அடித்திருந்தது. சுத்தம் செய்ய கயிறுகூடக் கட்டாமல் இறக்கிவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. “நாங்க எறக்கவே இல்ல, அவனா எதுக்கோ எறங்கினான்,” என்று ஆலையில் சொன்னார்கள். அதை யார் நம்புவார்கள்?

பிலவேந்திரன் உடலை வாங்க மறுத்தார். மூன்று நாள் சின்னசேலம் ரோட்டில் மறியல். மைக்கில் அவர் பேசப் பேச ஜனம் அழுதது. பேப்பரில் போட்டோ வந்தது. நாலாம் நாள் ஆலைக்கு சீல் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் பெட்டி வந்தது. ஆணியடித்து வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டி வேலை செய்யவில்லை. திறந்து காட்டுகிற நிலையில் உடல் இல்லை. அக்காள்காரி பெட்டியின் பலகையைத்தான் முத்தமிட்டாள்.

இரண்டு மாதத்தில் தேர்தல். பிலவேந்திரன் பேரூராட்சித் தலைவர்.

எட்டே மாதத்தில் சின்னதுரை கோர்ட்டுக்குப் போய் சீலை உடைத்தார். “எம்.எல்.ஏ. ஆனாத்தான் இவன மூட முடியும்,” என்றார் பிலவேந்திரன். இரண்டாயிரத்து ஆறில் சட்டமன்றத்துக்கு நின்றார். எதிரே சின்னதுரையே நின்றார். பிலவேந்திரனுக்கு டார்ச் லைட் சின்னம்.

மெஷினில் அவர் பெயருக்கு அடுத்த வரியில் இன்னொரு பிலவேந்திரன். சின்னம் மேசை விளக்கு.

சின்னதுரை அறுநூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். மேசை விளக்குக்கு விழுந்தது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

*

“சின்னதொரதான நிக்க வெச்சான்?” பிலவேந்திரன் குரலைத் தாழ்த்தினார். மனு எழுதுகிறவரின் நயமான குரல் வந்தது. “பயப்படாத. அவன் பேர மட்டும் சொல்லு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“அவரு மூஞ்சிய நான் போஸ்டர்ல பாத்ததுதான் சார்.”

“பொய்.”

“மாதா மேல சத்தியம்.”

பிலவேந்திரன் தாடையைத் தடவிக்கொண்டார். இதே பதிலைத்தான் சின்னதுரையும் சொல்லியிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் நேருக்கு நேர் பார்த்தபோது பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார் அந்த ஆள். “யோவ் மனு, ஜெயிச்சது நானு, ஒத்துக்கறேன். ஆனா அந்த டம்மி என் ஆளு இல்லய்யா. எங்க ஆளுங்களுக்கு உன் பேரச் சொல்லவே ஒழுங்கா வராது. அதுல இன்னொருத்தன எங்கேர்ந்து புடிக்கறது? உன் பக்கத்துலயே தேடு.”

அந்த வார்த்தை பிலவேந்திரனின் தொண்டையில் முள்ளாக நின்றது. தேடினார். ஏரிக் குழுவில் அவருக்கு வலது கையாக இருந்த அய்யனார் மீது சந்தேகம் விழுந்தது. அந்த வருஷம் அய்யனார் அடிக்கடி மலைக்குப் போய் வந்திருந்தான். பெண் பார்க்கத்தான் போனேன் என்று அவன் காலில் விழுந்து அழுதான். பிலவேந்திரன் கேட்கவில்லை. குழுவிலிருந்து துரத்தினார். ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு எழுதி வைத்தார். அவன் பம்ப் செட்டுக்கு லைன் வராதபடி மனு மேல் மனு போட்டார். அய்யனாரின் கரும்பு அந்தக் கோடையில் தீய்ந்தது. இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறானாம்.

“பேரச் சொல்லுடா. யாரு மலைக்கி வந்தது? அய்யனாரா? நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்.”

“தழும்பு கிழும்பு எல்லாம் தெரியாது சார்.”

“எனக்கு அந்தத் துரோகி பேரு வேணும். நாளைக்கி மனு தாக்கல் பண்ணிட்டு அவன் வூட்டு வாசல்ல நின்னு வெடி வெப்பேன். அவன் ஆயுசுக்கும் தல நிமுரக் கூடாது. அய்யனாரு பட்டதெல்லாம் ஒரு பாடா? அதவிடப் பத்து மடங்கு படணும்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “இந்த தடவ ஜெயிச்சிடுவேன். ஊர் தெரண்டு நிக்குது. நீ மட்டும் நிக்கக் கூடாது. நிப்பியா?”

முனியன் துறட்டியால் ஒரு கொத்தை வளைத்து அறுத்தான்.

“அத நான் சொல்ல முடியாதுங்க.”

“பின்ன எவன்டா சொல்லுவான்?”

பாறையில் செபஸ்தியம்மாள் பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

*

ஓடைப் பக்கமிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். தலையில் தண்ணீர்க் குடம், இடுப்பில் சோற்றுக் கூடை. முனியனின் மனைவி கொளஞ்சியம்மாள். வரும்போதே மரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தாள்.

“யோவ், எறங்குய்யா! பொழுது உச்சிக்கி வந்துடுச்சி, இன்னும் கொரங்காட்டம் குந்தினு இருக்க! சாமச் சோறு ஆறிப் போச்சி, அவரக்கொட்டக் கொழம்பு உறஞ்சி போச்சி, அப்பறம் பல்லு நோவுதுன்னு எங்கிட்டதான் வருவ...”

குடத்தை இறக்கியவள் பாறையைப் பார்த்தாள். முகம் பூவாக விரிந்தது.

“அடடே! ஞானத்தாயி! எப்ப வந்தீங்க? வரேன்னு சொல்லி அனுப்புனீங்க, இன்னிக்கேவா? யோவ், உன் ஞானத்தாயி வந்து வெயில்ல குந்தியிருக்காங்க, நீ மரத்து மேல இன்னாய்யா பண்ற?”

மரம் அசையவில்லை. புளி பொறுக்கிய கைகள் நின்றன.

ஞானத்தாய். ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கிறவள். பெற்றவளுக்கு அடுத்து அந்தப் பிள்ளைக்கு அவள்தான் தாய். பிலவேந்திரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வார்த்தையை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

“இன்னா சொன்ன?” என்றார் கொளஞ்சியம்மாளிடம்.  “யாரு ஞானத்தாயி?”

“இவங்கதான்.” கொளஞ்சியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்க யாரு சாமி?”

“இவங்க வூட்டுக்காரன்.”

“அய்யோ! அப்ப நீங்கதான் அந்தப் பிலவேந்திரனா? உங்க பேரத்தான இவருக்கு...” சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிலவேந்திரன் மெதுவாகத் திரும்பினார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவியை ஏதோ வெளியூர்க்காரியைப் போலப் பார்த்தார்.

“செபஸ்தி?”

“ஆமாங்க.” அவள் எழுந்திருக்கவில்லை. “கல்யாணத்துக்கு முன்னால மடத்துச் சிஸ்டருங்க கூட மல ஆஸ்பத்திரிக்கி வருவேன், ஞாபகம் இருக்குதா? அப்ப பொறந்த புள்ள இவன். அவங்க அம்மாளுக்கு ஜன்னி. ‘நீ ஏந்திக்கோ, நீயே பேரு வை’ன்னாங்க பங்குச் சாமியாரு. எனக்கும் உங்களுக்கும் வெத்தல பாக்கு மாத்தி ஒரு மாசம். உங்க மேல அம்மாம் ஆச. வாயில வேற பேரு வரல.”

மேலே முனியன் கிளையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“நீயா?” பிலவேந்திரன் மரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “நீயாடி இவன நிக்க வெச்ச?”

“நாந்தான். போன தேர்தலப்ப, ஒண்ணாந்தேதி பங்குக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். முன்மொழியறதுக்குப் பத்துப் பேர நாந்தான் கூட்டியாந்தேன். இதோ புளி பொறுக்கறாங்களே, இதுல மூணு பேரு கைநாட்டு வெச்சவங்க. எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியாது. முடிஞ்சதும் இவன குடகுக்கு அனுப்பினதும் நாந்தான். போன வாரம் வரச் சொன்னதும் நாந்தான்.”

அந்தப் பல் இல்லாத கிழவி தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“அப்ப அய்யனாரு?”

“அவன நான் காப்பாத்தியிருக்கணும். வாயத் தொறக்கல. அந்தப் பாவம் என்னோடது. அதுக்கு நான் தனியாப் பதில் சொல்லிக்கறேன்.”

பிலவேந்திரன் இரண்டு எட்டு வைத்து அவள் எதிரே போய் நின்றார். கை ஓங்கியது. முனியன் சரசரவென்று மரத்திலிருந்து சறுக்கிக் குதித்தான். நெஞ்சு முழுக்கப் பட்டை உரசிய சிவப்புக் கோடுகள்.

“சார், கைய எறக்குங்க. என் ஞானத்தாயி அவங்க.”

“என் பொண்டாட்டிடா அவ!”

“எனக்கு அது தெரியும் சார். அதனாலதான் இம்மா நேரம் மரத்து மேலயே இருந்தேன்.”

கை தானாகக் கீழே இறங்கியது. பிலவேந்திரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். புளியங்கொட்டைகள் உள்ளங்கையில் குத்தின. கொளஞ்சியம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

“எவ்ளோ குடுத்தான் சின்னதொர?”

“அவரு சேகோ ஃபேக்டரி பக்கம் நான் தலவெச்சிப் படுத்ததில்ல. அவரும் நாசமாப் போகட்டும்.”

“பின்ன ஏன்டி?” அவர் கத்தியதில் மரத்து மைனாக்கள் பறந்தன. “இன்னும் ஒரே படி. ஒரே ஒரு படி! நான் சட்டசபைக்கிப் போனா அந்த ஆலைக்கிப் பூட்டு. ஏரி வெளுப்பு போயிடும், ஊர் பொழச்சிக்கும். அது யாரு ஆல? உன் தம்பியக் கொன்ன ஆலடி! உன் கூடப் பொறந்தவனத் தொட்டியில தள்ளிக் கொன்ன ஆல! அவனுக்காகத்தான் நான் இம்மாம் அலையறேன். அவன் ரத்தத்துக்குப் பழி வாங்க வேணாமா?”

“வேணும்,” என்றாள் செபஸ்தியம்மாள். “அதத்தான் வாங்கிக்கினு இருக்கேன்.”

அவள் குரல் ஏறவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்கிற குரல்தான்.

“மூணு நாளு. நான் ஆஸ்பத்திரி வாசல்ல குந்தியிருந்தேன். நீங்க ரோட்டுல மைக் புடிச்சிக்கினு இருந்தீங்க. ‘ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டு அடக்கம் பண்ணிடலாங்க’ன்னு வந்து உங்க காலப் புடிச்சேன். ‘இன்னிக்கி பேப்பர்காரன் வரான், நாளைக்கிப் பாக்கலாம்’னீங்க. நாளைக்கி மூஞ்சி இல்ல. அத வெச்சிச் சேர்மன் ஆனீங்க. சரி, ஊருக்காகத்தானன்னு அதக்கூட நான் முழுங்கியிருப்பேன்.”

“பின்ன?”

“ரெண்டாம் நாளு, பொணவறையில வேல செய்யற தைலம்மா வெளிய வந்தாங்க. தம்பி ஒடம்புல இருந்த சாமானு, கூடப் பொறந்தவ கையில குடுக்கணும்னு ஒரு கவர் குடுத்தாங்க. அரணாக் கயிறு. கழுத்துல கோத்துப் போட்டிருந்த மாதா படம் வெச்ச உத்தரியம். அப்பறம் லுங்கி மடியில முடிஞ்சி வெச்சிருந்த ஒண்ணு.”

துணிப்பையின் வாயை அவள் பிரித்தாள். பிலவேந்திரன் தலையைத் தூக்கவில்லை. கொளஞ்சியம்மாளும் முனியனும்தான் பார்த்தார்கள். சாண் உயரக் கண்ணாடி பாட்டில். நீல மூடி. மூடியின் மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு சிலுவை, கோணலாக. உள்ளே பாதி வரை வெள்ளையாக ஏதோ காய்ந்து, மாவுப் பொருக்காக ஒட்டியிருந்தது.

அதை அவள் பாறை மேல் வைத்தாள். கண்ணாடி கல்லில் பட்ட சத்தம் கேட்டதும் பிலவேந்திரன் நிமிர்ந்தார்.

அவர் முகம் செத்தது.

“எங்க வூட்டுப் பீடத்துல இருந்ததுங்க,” என்றாள் அவள், யாருக்கோ சொல்வது போல. “ஈஸ்டருக்கு முன்னால பாஸ்கா ராத்திரி பூசையில சாமியாரு மந்திரிச்ச தண்ணி. வருசா வருசம் இதுலதான் புடிச்சாருவேன். அந்த ஆகஸ்ட் மாசம் திடீர்னு காணோம். உங்களக் கேட்டேன். பூன தள்ளிவுட்டிருக்கும்னீங்க. ஒடஞ்ச கண்ணாடி எங்கன்னு நானும் தேடினேன்.”

காற்று நின்றிருந்தது. தூரத்தில் கிழங்கு லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது.

“ஆலைக்காரன் சொன்னது நெசம். அவன் எறக்கல. தொட்டி அடித் தண்ணி இருந்தாத்தான் கோர்ட்டுல செல்லும், மேத் தண்ணி செல்லாதுன்னு அந்த வாரமெல்லாம் பொலம்பிக்கினு இருந்தவரு நீங்கதான். மாமா சொன்னா என் தம்பி தைரியம் கெணத்துல குதிப்பான்.”

பிலவேந்திரன் சொம்பை எடுத்தார், குடிக்காமல் திரும்பக் கீழே வைத்தார். 

“முனியா.”

“சொல்லுங்க ஞானத்தாயி.”

“நாளைக்கிப் பத்து மணிக்கி தாலுகா ஆபீஸ் வந்துடு. போன தடவ வந்த பத்துப் பேரும் வரணும். இந்த தடவ எதுக்குன்னு அவங்களுக்கு நானே சொல்றேன்.”

பிறகு அவள் கணவனின் பக்கம் திரும்பினாள். பத்து வருஷமாக வைத்திருந்த கேள்வியை, ஏதோ கடைச் சாமான் கேட்பது போலக் கேட்டாள்.

“என் தம்பி கையில இதக் குடுக்கறதுக்கு முன்னால, இதுல இருந்த மந்திரிச்ச தண்ணிய எங்க ஊத்துனீங்க?”

மனு பிலவேந்திரன் மூடியில் இருந்த கோணல் சிலுவையை விரலால் தடவினார்.

“கெணத்தடிச் செம்பருத்திக்கி,” என்றார்.